மறந்தவர்களுக்காக நினைவில் வைத்தவர்கள்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சில் விடுபட்ட சில ஆண்டுகளும் எண்களும் சேர்க்கப்பட்டுள்ளன.)

இப்போது காலைக் காப்பியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வந்திருப்பவர்களுக்கும் என் அன்பு.

இலக்கியக் கூட்டத்தில் ஒரு நர்ஸ் வந்து நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று முதலில் யோசித்தேன். பிறகு பொருந்தும் என்றே தோன்றியது. நான் சொல்லப்போகும் வரலாற்றில் ஒரு கடிதம் வருகிறது. ஞானஸ்நானப் பதிவேடுகள் வருகின்றன. பல தலைமுறை நீளும் ஒரு வம்சாவளி வருகிறது. மத்தேயு தன் நற்செய்தியை ஒரு வம்ச அட்டவணையில்தான் தொடங்குகிறார். வேதம் வாசிக்கும்போது நம்மில் பலர் வேகமாகத் தாண்டிப் போகிற பகுதி அது. இன்று அப்படிப்பட்ட ஓர் அட்டவணையைத் தாண்டாமல் நின்று பார்க்கப்போகிறோம்.

மறதி நோய் உள்ளவர்களைப் பராமரிக்கிற எந்த நர்ஸிடமும் குடும்பத்தார் ஒரு கேள்வியைத் தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள். "இது பரம்பரையா சிஸ்டர்? எனக்கும் வருமா?" நான் நர்சிங் டிப்ளமா படித்தவள், மரபணு விஞ்ஞானி அல்ல. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்பது எனக்குத் தெரியும். சிலருக்கு "பெரும்பாலும் வரும்" என்பது பதில். மிகப் பலருக்கு "வரலாம், வராமலும் போகலாம்." மிக அரிதாகச் சிலருக்கு "வரவேண்டியது தள்ளிப்போகும்." இந்த மூன்று பதில்களையும் மருத்துவம் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு மனிதர்களிடமிருந்து கற்றுக்கொண்டது. அந்த மனிதர்களில் பெரும்பாலோர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்கள் அல்ல. நோயாளிகளின் பிள்ளைகள், மனைவிமார், அண்ணன் தம்பிகள். இன்று நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: அல்சைமர் மரபணுவின் வரலாற்றை முதலில் எழுதியவர்கள் குடும்பங்கள். நாம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

ஆரம்பத்தில் ஒரு பெண் இருந்தார். 1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனைக்கு அவுகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ஞாபகம் தப்பியிருந்தது, கணவர் மேல் காரணமில்லாத சந்தேகம், இரவில் அலறல். அவரைக் கவனித்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், அவரிடம் கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் எழுதிவைத்தார். தன் பெயரை எழுதச் சொன்னபோது பாதியில் நின்றுவிட்டதும் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. 1906 ஏப்ரலில் அவுகுஸ்தே இறந்தார். அதற்குள் மியூனிக் நகருக்கு மாறியிருந்த அல்சைமர், அவருடைய மூளையை அங்கே வரவழைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முறுக்கிய நார்ச் சிக்கல்கள். அந்த நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதைப் பேசினார். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 1910இல் எமில் கிரேப்லின் தன் பாடநூலில் இந்த நோய்க்கு அல்சைமரின் பெயரை வைத்தார்.

பெயர் வைத்ததிலேயே ஒரு பிரிவினையும் வந்துவிட்டது. அறுபதுக்கு முன் வந்தால் அது அல்சைமர் நோய், அரிதானது. எழுபதுக்கு மேல் வந்தால் அது வெறும் முதுமைத் தளர்ச்சி, "வயசாயிடுச்சு, அப்படித்தான்." அறுபது ஆண்டுகளுக்கும் மேல் இந்தப் பிரிவினை நீடித்தது. 1976இல் ராபர்ட் காட்ஸ்மன் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஒரு சிறிய தலையங்கம் எழுதினார். இரண்டுக்கும் மூளையில் காணும் அடையாளம் ஒன்றே, ஆகவே இரண்டும் ஒரே நோய், அப்படியானால் இது அரிதானதே அல்ல என்றார். வயதானவர்களின் மறதி அதன்பிறகுதான் பெரிய அளவில் ஆராயத் தகுந்த விஷயமாயிற்று.

அவுகுஸ்தேக்கு நோய் பரம்பரையாக வந்ததா? 1995இல் அவருடைய பழைய மருத்துவக் கோப்பு பிராங்க்ஃபர்ட்டிலேயே கிடைத்தது. மூளைத் திசுவின் கண்ணாடிச் சில்லுகள் மியூனிக்கில் கிடைத்தன. அதிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் ஒரு மரபணுத் திரிபு இருப்பதாக 2013இல் ஒரு குழு அறிவித்தது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு, தங்கள் சோதனையில் அது தென்படவில்லை என்றது. நூறு ஆண்டு பழைய சில்லிலிருந்து உறுதியான பதில் கிடைக்கவில்லை. அதைவிட எளிய ஒன்றை அவர் வாழ்ந்த காலத்தில் செய்திருக்கலாம். அவருடைய உறவினர்களில் வேறு யாருக்கு இப்படி ஆயிற்று, எந்த வயதில் ஆயிற்று என்று வரிசையாகக் கேட்டு எழுதியிருக்கலாம். அப்படிக் கேட்பதன் பயன் அன்றைக்கு எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

முதல் துப்பு வேறொரு திசையிலிருந்து வந்தது. டவுன் நோய்க்குறியோடு பிறந்தவர்கள் நாற்பது வயதைத் தாண்டும்போது அவர்களுடைய மூளையிலும் அல்சைமர் பார்த்த அதே படிவுகள் காணப்பட்டன. டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கும். இதை 1959இல் பிரான்சில் கண்டறிந்து வெளியிட்டிருந்தார்கள். 1984இல் கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் கிளென்னர், அந்தப் படிவின் புரதத்தைப் பிரித்தெடுத்தார். பீட்டா அமிலாய்டு என்று இன்று சொல்கிறோம். டவுன் நோய்க்குறி உள்ளவர்களின் மூளையிலும் இருப்பது இதுவே என்று காட்டி, அப்படியானால் இதற்குரிய மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1987இல் அந்த ஊகம் சரியென்று தெரிந்தது.

இந்த இடத்தில்தான் கடிதம் வருகிறது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பகுதியைச் சேர்ந்த ஓர் ஆசிரியை, கேரல் ஜென்னிங்ஸ். அவருடைய தந்தைக்கும், தந்தையின் உடன்பிறந்தவர்கள் பலருக்கும் ஐம்பதுகளிலேயே மறதி வந்தது. இது தற்செயலாக இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. 1986இல் லண்டன் செயிண்ட் மேரிஸ் மருத்துவமனை ஆய்வுக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். எங்கள் குடும்பம் உங்களுக்குப் பயன்படுமா என்பதே அதன் சாரம். குழுவினர் வந்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். நோய் வந்தவர்களிடமும் வராதவர்களிடமும் 21ஆம் குரோமோசோமை ஒப்பிட்டார்கள். 1991இல் ஜான் ஹார்டி, அலிசன் கோட் குழு, அமிலாய்டு புரதத்தின் மூல மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டது. அல்சைமர் நோயை நேரடியாக உண்டாக்கும் மரபணுத் திரிபு முதல்முறையாகக் கைக்கு அகப்பட்டது. இன்று அமிலாய்டைக் குறிவைக்கும் மருந்துகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தக் கண்டுபிடிப்பு நிற்கிறது.

கேரல் தன் இரத்தத்தைக் கொடுத்தார், ஆனால் தன் முடிவு என்ன என்பதைத் தெரிந்துகொள்ள அவர் கேட்கவில்லை. தந்தைக்கு இருந்த திரிபு தனக்கும் வந்திருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாமலும் வாழ்ந்தார், நோயாளிகளின் குடும்பங்களுக்காக ஊர் ஊராகப் பேசினார். பின்னாளில் ஐம்பதுகளிலேயே அவருக்கும் நோய் வந்தது. 2024இல் காலமானார். மூளையையும் ஆய்வுக்கே விட்டுச்சென்றார்.

இனி உங்களைக் கொலம்பியாவுக்கு அழைத்துப் போகிறேன். மெதெயின் நகரைச் சுற்றியுள்ள மலைநாட்டுக்கு அந்தியோகியா என்று பெயர். அப்போஸ்தலர் நடபடிகளில் சீஷர்களுக்கு முதன்முதலில் கிறிஸ்தவர்கள் என்று பெயர் வழங்கிய அந்தியோகியாவை ஸ்பானிய மொழியில் எழுதினால் இதே எழுத்துகள்தான் வரும். இங்குள்ள மலைநாட்டு மக்களைப் பைசா என்பார்கள். நம் காசு அல்ல, ஒரு மக்கள்கூட்டத்தின் பெயர்.

1980களின் தொடக்கத்தில் இளம் நரம்பியல் மருத்துவராக இருந்த பிரான்சிஸ்கோ லோபேராவிடம் 47 வயது விவசாயி ஒருவரை அழைத்து வந்தார்கள். ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. விசாரித்தால், அவருடைய தந்தைக்கும் தாத்தாவுக்கும் உடன்பிறந்தவர்கள் சிலருக்கும் அப்படியே. லோபேரா அவருடைய ஊரான பெல்மிராவுக்கே போனார். பிறகு யாருமால், அங்கோஸ்துரா என்று வேறு மலையூர்களிலும் இதே கதை. ஊரில் இதை "லா போபேரா" என்றார்கள், புத்தி மழுங்கல் என்று பொருள் கொள்ளலாம். ஏதோ ஒரு மரத்தைத் தொட்டதால் வந்தது என்றார்கள். யாரோ வைத்த செய்வினை என்றார்கள். நமக்கும் கேட்டுப் பழகிய பேச்சுதான். பெற்றோர் செய்த பாவத்தைப் பிள்ளைகள் சுமக்கிறார்கள் என்று அந்தக் காலத்து ஜனங்கள் சொல்லிக்கொண்டிருந்ததை எசேக்கியேல் தீர்க்கதரிசி மறுத்துப் பேசுகிறார். இருபதாம் நூற்றாண்டிலும் அந்த மறுப்பு தேவைப்பட்டது. நோய்க்குக் காரணம் பாவமோ சூனியமோ அல்ல என்று காட்ட வேண்டுமானால், அது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று காட்டியாக வேண்டும்.

அந்த வேலையை லோபேராவோடு சேர்ந்து செய்தவர் ஒரு நர்ஸ். பெயர் லூசியா மாத்ரிகால். வீடு வீடாகப் போனார். பேருந்து போகாத ஊர்களுக்கும் போனார். நர்சிங் படிப்பில் எங்களுக்குக் குடும்ப வரைபடம் போடக் கற்றுத் தருவார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவருக்கு உள்ளே மை நிரப்ப வேண்டும். இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. எங்களுக்கு அது தேர்வுக்குப் படிக்கும் பாடம். அவருக்கோ வாழ்நாள் வேலையாயிற்று. பத்து, பன்னிரண்டு பிள்ளைகள் பெற்ற குடும்பங்கள். அடுத்த மலைக்குப் பெண் கொடுக்காமல் சொந்தத்துக்குள் கல்யாணம். ஒரு தாளில் அடங்காத வரைபடம்.

உயிரோடிருக்கும் கிழவிகள் சொன்னதைக் கேட்டு மூன்று தலைமுறை எழுதலாம். அதற்கு மேல்? அங்கேதான் பங்குக் கோயில்களின் பதிவேடுகள் உதவின. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் தேதியோடு, பெற்றோர் பெயரோடு எழுதிவைத்திருந்தார்கள். சுவாமியார்கள் மரபணுவுக்காக எழுதவில்லை. ஆத்துமாக்களின் கணக்கு என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் பின்னோக்கிப் போய், பல கிளைகளாகப் பிரிந்திருந்த குடும்பங்களை 18ஆம் நூற்றாண்டுத் தம்பதி ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இவை தனித்தனி நோய்கள் அல்ல, ஒரே மரத்தின் கிளைகள் என்று அப்போது தெரிந்தது. பின்னர் மரபணு ஆய்வும் இந்தத் திரிபு ஏறத்தாழ 375 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரே மூதாதையிடமிருந்து பரவியது என்று கணித்தது.

இதெல்லாம் நடந்தது அமைதியான காலத்தில் அல்ல. கெரில்லாக்கள், துணைப்படையினர், போதைப்பொருள் கும்பல்கள் ஆண்ட மலைகள் அவை. வேலைக்குப் போன இடத்தில் மாத்ரிகாலையே ஆயுதக் குழு ஒன்று ஒருமுறை பிடித்துவைத்திருந்தது. விடுவிக்கப்பட்ட பிறகும் அவர் வேலையை விடவில்லை.

1995இல் விடை கிடைத்தது. அந்த ஆண்டு டொராண்டோ குழு ஒன்று 14ஆம் குரோமோசோமில் பிரிசெனிலின்-1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தது. அந்தியோகியா குடும்பங்களின் திரிபும் அதிலேயே இருந்தது. அந்தப் புரதம் 467 மணிகள் கோத்த மாலை போன்றது. அதில் 280ஆவது மணி மாறியிருந்தது, அவ்வளவுதான். அதே ஆண்டு இன்னொரு மரபணுவும் அகப்பட்டது. ரஷ்யாவின் வோல்கா நதிக்கரையில் 18ஆம் நூற்றாண்டில் குடியேறி, பிறகு அமெரிக்கா போன ஜெர்மானியக் குடும்பங்களிடம் கிடைத்தது அது, பிரிசெனிலின்-2. அங்கும் குடும்பங்கள் ஊர்ப்பெயர்களை மறக்காமல் வைத்திருந்ததால்தான் இணைக்க முடிந்தது.

இந்த மூன்றும் எப்படி ஒன்றாகச் சேர்கின்றன? நாட்டிங்ஹாம் குடும்பத்தின் மரபணு ஒரு நீளமான கயிற்றுக்கான செய்முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிசெனிலின் அந்தக் கயிற்றை வெட்டும் கத்தரியின் ஒரு பாகம். கயிறு மாறினாலும் கத்தரி மாறினாலும், வெட்டு விழும் இடம் பிசகி, ஒட்டிக்கொள்ளும் தன்மையுள்ள துண்டுகள் மிகுந்துவிடுகின்றன. அவையே படிவாகச் சேர்கின்றன. இங்கிலாந்து ஆசிரியையும் கொலம்பிய விவசாயியும் ஒரே பிழையின் இரண்டு முனைகளில் நின்றார்கள்.

அந்தியோகியாவில் இந்தப் பெருங்குடும்பத்தில் ஏறத்தாழ 6000 பேர் இருக்கிறார்கள். அவர்களில் சுமார் 1200 பேருக்குத் திரிபு உண்டு. அவர்களுக்குச் சராசரியாக 44 வயதில் மறதி தொடங்குகிறது, 49 வயதில் டிமென்ஷியா, அறுபதை ஒட்டி மரணம். இதுதான் "பெரும்பாலும் வரும்" என்ற முதல் பதில். உலகில் உள்ள அல்சைமர் நோயாளிகளில் இப்படி ஒற்றை மரபணுவால் நோய் வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. அந்தச் சிறு எண்ணிக்கையினரிடம்தான் உலகம் இந்த நோயைப் படித்துக்கொண்டது.

அவர்கள் கொடுத்தது இரத்தம் மட்டுமல்ல. 1995 முதல் இறந்தவர்களின் மூளையைக் கொடுக்கத் தொடங்கினார்கள். துக்க வீட்டில், அடக்கத்துக்கு முன், சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். உடலைப் பற்றி அவ்வளவு பக்தியுள்ள கத்தோலிக்க ஊர்களில் இதற்குச் சம்மதம் வாங்குவது எப்படியிருந்திருக்கும் என்று ஒரு நர்ஸாக என்னால் ஊகிக்க முடிகிறது. சட்டம் பேசி வாங்க முடியாது. பல வருடம் அந்த வீட்டில் காப்பி குடித்தவர்களால்தான் கேட்க முடியும். இன்று அந்தியோகியா பல்கலைக்கழகத்தில் அப்படிக் கொடுத்த மூளைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன.

2013இல் அங்கே ஒரு பெரிய மருந்துப் பரிசோதனை தொடங்கியது. நோய் வருவதற்கு முன்பே கொடுத்துத் தடுக்க முடியுமா என்பது கேள்வி. மருந்தின் பெயர் கிரெனெசுமாப். 252 பேர் சேர்ந்தார்கள். அதில் ஒரு ஏற்பாட்டை நான் மறக்க மாட்டேன். திரிபு உள்ளவர்களை மட்டும் சேர்த்தால், சேர்ந்தவர் எல்லாருக்கும் "எனக்கு இருக்கிறது" என்று தெரிந்துவிடும். ஆகவே திரிபு இல்லாத 83 பேரையும் சேர்த்து, அவர்களுக்கு வெறும் போலி ஊசி போட்டார்கள். ஆண்டுக்கணக்காக அவர்களும் மலையிறங்கி வந்து ஊசி குத்திக்கொண்டார்கள். எதற்கு? தன் அக்காவுக்கோ தம்பிக்கோ உண்மை தெரிந்துவிடாமல் இருக்க ஒரு மறைப்பாக. 2022 ஜூனில் முடிவு வந்தது. மருந்து நோயைக் குறிப்பிடும்படியாகத் தடுக்கவில்லை.

இனி இரண்டாவது பதில். உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் எழுபதுக்கு மேல் வரும் மறதியைப் பற்றியது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழு, எல்லாரும் 21ஆம் குரோமோசோமைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 19ஆம் குரோமோசோமில் தேடியது. அங்கே அகப்பட்டது ஏ.பி.ஓ.இ. என்ற மரபணு. இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்துக்கு உரியது, இதய நோய் மருத்துவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானது. கொழுப்பு மரபணுவுக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் நம்பவில்லை. 1993இல் 42 குடும்பங்களின் தரவோடு அவர்கள் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு மறுக்க முடியாமல் போயிற்று.

இந்த மரபணு மூன்று வகையாக வரும்: 2, 3, 4. பெரும்பாலோரிடம் இருப்பது 3. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று நம்மிடம் இரண்டு பிரதிகள். ஒரு பிரதி 4 ஆக இருந்தால் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்காகும். இரண்டுமே 4 ஆக இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு வரை சொல்கிறார்கள். 2 இருந்தால் வாய்ப்பு குறையும். இங்கே "மடங்கு" என்ற சொல்லில்தான் ஏமாந்துபோகிறோம். 4 இருந்தும் தொண்ணூறு வயதுவரை தெளிவாக இருப்பவர்கள் உண்டு. 4 இல்லாமலே நோய் வந்தவர்கள் ஏராளம். பிரிசெனிலின் திரிபு தீர்ப்பு மாதிரி. இதை மழைக்கால முன்னறிவிப்பு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த முன்னறிவிப்பும் எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. நைஜீரியாவின் இபாடான் நகரத்து யொருபா முதியவர்களையும், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்து ஆப்பிரிக்க அமெரிக்க முதியவர்களையும் ஒரே முறையில் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2001இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். இபாடானில் புதிதாக அல்சைமர் வருகிறவர்கள் விகிதம் அமெரிக்க நகரத்தில் பாதிகூட இல்லை. யொருபா மக்களிடம் 4ஆம் வகைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பும் வலுவாகத் தெரியவில்லை. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களையும் பென்சில்வேனியா மாநிலத்து மோனங்காஹேலா பள்ளத்தாக்கையும் ஒப்பிட்ட இந்திய-அமெரிக்க ஆய்வு வேறொன்றைச் சொன்னது. பல்லப்கரில் 4ஆம் வகை குறைவாகவே காணப்பட்டது, ஆனால் இருந்தவர்களிடம் நோயோடு அதன் தொடர்பு அமெரிக்காவில் போலவே இருந்தது. மரபணு ஆய்வுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அவர்களுக்கான எண்ணை எடுத்து நம் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் இந்த எண் வீட்டுக்கே வந்துவிடுகிறது. 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இப்படி நேரடியாகத் தெரிவிக்க அனுமதித்தது. தெரிந்துகொள்ள வேண்டுமா? டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், தன் முழு மரபணுத் தொகுப்பும் வாசிக்கப்பட்டபோது ஒரே ஒரு பகுதியை மட்டும் தனக்குச் சொல்லக் கூடாது, வெளியிடவும் கூடாது என்றார். அது ஏ.பி.ஓ.இ. அவருடைய பாட்டிக்கு அல்சைமர் இருந்தது. அந்தப் பகுதியை மறைத்தாலும் பக்கத்து எழுத்துகளைக் கொண்டே ஊகித்துவிடலாம் என்று பிறர் காட்டியதால், இன்னும் பெரிய பகுதியை மறைக்க வேண்டியதாயிற்று. டி.என்.ஏ.வை உலகுக்குக் காட்டியவருக்கே தெரியாமலிருக்க உரிமை உண்டு என்றால், நம் சித்தப்பாவுக்கும் உண்டு. இன்னொரு பக்கமும் இருக்கிறது. முறையான ஆலோசனையோடு முடிவைத் தெரிந்துகொண்டவர்கள் பெரும்பாலும் நிலைகுலைந்து போகவில்லை என்று 2009இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இப்போது வந்துள்ள அமிலாய்டு மருந்துகளால் மூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் ஏற்படும் ஆபத்து, 4ஆம் வகை இரண்டு உள்ளவர்களுக்கு அதிகம். ஆகவே மருந்து தொடங்கும் முன் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். பயத்துக்காகப் பார்ப்பது வேறு, சிகிச்சைக்காகப் பார்ப்பது வேறு.

நம்மவர்களிடம் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் மறதி நோயை மறைக்கிறோம். "அவங்களுக்குச் சுகர், அதான் படுக்கை" என்போம். பாட்டியின் நோய் அப்படியே பெயரில்லாமல் போய்விடும். நாடு மாறி வந்தவர்களுக்கு இன்னும் கஷ்டம். அண்ணன் ஒரு நாட்டில், அத்தை ஒரு நாட்டில், யாருக்கு எந்த வயதில் என்ன ஆயிற்று என்பது யாருக்கும் முழுதாகத் தெரியாது. அந்தியோகியா மக்களும் வெட்கப்பட்டிருப்பார்கள். ஆனாலும் கதவைத் திறந்து சொன்னார்கள்.

மூன்றாவது பதிலை அந்த மலைகளிலிருந்தே ஒரு பெண் கொடுத்தார். அலிரியா ரோசா பியத்ராஇதா. அவர் காலமான பிறகு குடும்பத்தார் சம்மதத்தோடு வெளியான பெயர் இது. அவருக்குப் பிரிசெனிலின் திரிபு இருந்தது. கணக்குப்படி 44 வயதில் மறதி தொடங்கியிருக்க வேண்டும். எழுபது வயதைத் தாண்டும்வரை ஒன்றும் ஆகவில்லை. கொலம்பியாவில் பிறந்த ஆய்வாளர் யாக்கேல் கீரோஸ் அவரைப் பாஸ்டனுக்கு வரவழைத்துப் பார்த்தார். மூளை நிறைய அமிலாய்டு. ஆனால் நரம்பணுக்களுக்குள் வரும் நார்ச் சிக்கல் மிகக் குறைவு. காரணமாகக் கண்டது, ஏ.பி.ஓ.இ. மரபணுவிலேயே இன்னொரு அரிய மாற்றம், அதுவும் இரண்டு பிரதிகள். நியூசிலாந்தில் முதலில் கண்டறியப்பட்டதால் அதற்குக் கிறைஸ்ட்சர்ச் என்ற நகரத்தின் பெயர். 2019இல் இது வெளியானது. நோய்க்குப் பேர்போன மரபணுவுக்குள்ளேயே காப்பும் இருந்திருக்கிறது. அலிரியா 2020இல் 77 வயதில் புற்றுநோயால் இறந்தார், மூளையை ஆய்வுக்குக் கொடுத்தார். 2024இல், அதே மாற்றத்தின் ஒரு பிரதி மட்டும் உள்ள 27 உறவினர்களைப் பார்த்தபோது, அவர்களுக்கு மறதி தொடங்குவது ஏறத்தாழ ஐந்து ஆண்டு தள்ளிப்போயிருந்தது. ஐந்து ஆண்டு என்றால் ஒரு பிள்ளை பள்ளி முடிக்கும் காலம்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, நோய் வராத ஒருவரையும் யாரோ கணக்கில் வைத்திருந்தார்கள் என்பதே. வரைபடத்தில் மை நிரப்பாமல் வெறுமையாக விட்ட ஒரு வட்டம், நிரப்பியிருக்க வேண்டிய இடத்தில் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டதால்தான் இது கிடைத்தது.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் ஒரு நோட்டு எடுங்கள். தாத்தா பாட்டியிலிருந்து தொடங்குங்கள். யாருக்கு மறதி வந்தது, ஏறத்தாழ எந்த வயதில், யாருக்கு வரவேயில்லை. மூன்றையும் எழுதுங்கள். அறுபதுக்கு முன் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லி மரபணு ஆலோசகரைப் பாருங்கள். எண்பதில் வந்திருந்தால் பதற வேண்டாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேட்பது, நடை, நாலு பேரோடு பேச்சு, இவற்றைக் கவனியுங்கள். இவை நம் கையில் உள்ளவை.

லோபேரா 2024 செப்டம்பரில் காலமானார், அதே ஆண்டில்தான் கேரலும். அந்தியோகியாவின் 1200 பேருக்கு இதுவரை மருந்து வரவில்லை. நாளை உங்களுக்கோ எனக்கோ ஒரு மருந்து வந்தால், அதன் பெட்டியில் தயாரித்த கம்பெனியின் பெயர் இருக்கும். பெல்மிரா, யாருமால், அங்கோஸ்துரா என்ற ஊர்ப்பெயர்கள் இருக்காது. அவை நம் ஞாபகத்திலாவது இருக்கட்டும், முதலில் அந்த ஊர்களுக்கே மருந்து போய்ச் சேரட்டும் என்று ஜெபிக்கிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.